நீலக் கதவு வைத்த கல்வீடு

டிச. 8, திங்கள்

தூறல். நாள் முழுக்க எழுதுவதே பிழைப்பு. அதற்கு மேல் இங்கேயும் எழுதுவதற்கு மன்னிக்கவும். வெளியே சொல்ல ஆள் இல்லை.

முடிக்க வேண்டிய விமர்சனக் கட்டுரைகள்: ட்ரெக்கிங் ஷூ, பனி ஜாக்கெட் (திருத்தம்). துணி காயவில்லை.

ஜாக்கெட்டை நான் போட்டதே இல்லை. தோழி ஸ்டெல்லா போட்டாள், அவள் வேலை பார்க்கும் ஒரகடம் குளிர்கிடங்கில், மைனஸ் பதினெட்டில், ஒரு ஷிஃப்ட் முழுக்க. "செம சூடுடி. சூப்பர்வைசரே எங்க வாங்கினன்னு கேட்டாரு." அதை இமயமலை என்று எழுதினேன்.

இணையதள ஆசிரியர் போனில்: "பனிக்கு ஒதுங்கின இடம்னு ஒண்ணு போடும்மா. அப்பதான் நம்புவாங்க."

போட்டேன். பாதை முடிவில் கல்வீடு, நீலக் கதவு. வீடு கற்பனை. கதவு மட்டும் நிஜம். வடக்குப்பட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டினுடையது.

அம்மா: "மலை மலைன்னு தட்டிகினு கீறியே, திருநீர்மலை படியாவது ஏறிக்கீறியாடி?"

டிச. 10, புதன்

கனமழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறப்பார்களா என்றே தெருவில் பேச்சு.

கோவைப் பெண் ஒருத்தி, கவிதா. கட்டுரை படித்துவிட்டு நம்பர் கேட்டாள், கொடுத்தேன். "உங்கள நம்பி அதே ஜாக்கெட் வாங்கிட்டனுங்க்கா. இப்ப இமயமலை அடிவாரத்துலதானுங்க இருக்கறேன், வெள்ளிக்கிழமை தனியா ஏறறேன். டென்ட் எடுக்கல. அதான் உங்க கல்வீடு இருக்குதுங்களே."

"வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். அதற்கு முன் நான்கு தடவை வேறு பதில் எழுதி அழித்தேன். உண்மை சொன்னால் இந்த வேலை போகும். மறுநாளே வீட்டில் என்னையும் ஸ்டெல்லா போகும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

சாப்பிடவில்லை.

டிச. 12, வெள்ளி

நல்ல வெயில்.

மதியம் 2.10. கவிதா: "வந்துட்டனுங்க்கா! கல்வீடு, நீலக் கதவு. ஆனா பூட்டியிருக்குது. கதவுல சுண்ணாம்புல 14னு போட்டிருக்குதே, அத நீங்க எழுதலீங்களே?"

எழுதவில்லைதான். வடக்குப்பட்டுக் கதவில் அந்த எண் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து வடக்குப்பட்டு போனேன். வீடு இல்லை. செம்மண் மேடு, பொக்லைன் தடம். நாற்காலியில் ஒரு செக்யூரிட்டி.

"அந்த வூடா? திங்கக்கெழமையே இடிச்சாச்சும்மா. கதவ மட்டும் காணோம். இன்ஜினியரு என்னயத்தான் சந்தேகப்படறாரு. வூடே இல்லாதவனுக்குக் கதவு இன்னாத்துக்கு?"

திங்கள். நான் எழுதிய நாள்.

3.25. கவிதா: "பனி கொட்டுதுங்க்கா. உள்ள யாரோ தாழ்ப்பாள் எடுக்கறாங்க. நீங்கதானுங்களா?"

மேட்டில் நின்றபடியே தட்டினேன், அழிக்காமல். நான் அங்கே வந்ததில்லை. எந்த மலையும் ஏறியதில்லை. அப்படி ஒரு வீடே கிடையாது. ஜாக்கெட் காற்றைத் தாங்குமா, தெரியாது.

ஒரு டிக். போய்ச் சேரவில்லை.

3.40. அதே ஒரு டிக். போன் போகவில்லை. இன்னும் ஒன்று அனுப்பினேன், புதன்கிழமையே அனுப்பியிருக்க வேண்டியது:

கவிதா, உள்ளே போகாதே. இறங்கி வந்துவிடு.