விரலுக்கு ரசீது இல்லை

செவ்வாய், 11 மார்ச்

ஆமாம், வீடு தேடி வந்தவரிடம் அப்படித்தான் பேசினேன். தொழிற்சாலையில் அம்மாவின் வலது சுட்டுவிரல் இயந்திரத்தில் போய் ஒரு மாதம் ஆகிறது. இன்று மாலை சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழங்களோடும் ஓர் ஆங்கிலக் கடிதத்தோடும் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கம்பெனி எல்லாத்தையும் குடுக்குது லா. சைன் மட்டும் போடுங்கக்கா."

அம்மா இடது கையில் பேனாவை எடுத்துவிட்டார். நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். 'ரீஇம்பர்ஸ்' என்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டியதைத் திருப்பித் தருவார்களாம். அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டேன் என்று அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமாம். இழந்ததற்கு ஈடு தருவதைச் சொல்லும் 'காம்பன்சேட்' எங்கும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

"ரெண்டும் காசுதானே, தங்கச்சி?"

"ஆஸ்பத்திரி செலவுக்கு ரசீது இருக்கு. விரலுக்கு ரசீது யார்ண்ணே குடுப்பா?"

"போதும்டி. பாலம் தாண்டி அவ்ளோ தூரம் வந்திருக்காரு," என்று அம்மா மைலோ கலக்கப் போனார். டின் மூடி திறக்கவில்லை. இடது கையால் இரண்டு முறை முயன்றார். சூப்பர்வைசர் எழுந்துபோய்த் திறந்து கொடுத்தார். பிறகு கையெழுத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

நாளை தொழிலாளர் இலாகாவுக்குப் போக அரைநாள் விடுப்பு கேட்டு, என் ஆபீஸ் மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன்.