சம்பந்தியம்மா பாராட்டிய ஓவியம்

மார்ச் 6

அல்மாத்தியில் ஓவியக் கூடம் நடத்துகிற ரௌஷான் ஃபோனில் பேசினார். செப்டம்பரில் அவருடைய கூடத்தில் எனக்கு மட்டுமாக ஒரு கண்காட்சி. கண்டெய்னர்களையே கடைகளாக்கிய சந்தையின் பெண்கள், ஏழு ஓவியங்கள், ஒன்றுகூடக் குறையக் கூடாது. அழைப்பிதழில் நான்காவது ஓவியம் வருமாம். செருப்பு மூட்டைகளின் மேல் நடுப்பகலில் தூங்குகிற பெண். "அதைப் பாத்துட்டுத்தான் உனக்கு நாள் ஒதுக்கினேன்" என்றார்.

பள்ளிக்கூட வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த பிஷ்கேக் பால்கனியில் நின்றுகொண்டு நான் வரைந்ததற்கு, உறவுமில்லாத நட்புமில்லாத ஒருவர் முதல்முறையாக ஒரு சுவரைத் தருகிறார். திலெக்கிடம் சொன்னேன். "இதுவும் நடக்கலைன்னா பழையபடி டீச்சர் வேலைக்குப் போயிடுவியா?" என்றார். போயிடறேன் என்றேன். புருஷன் கேட்டால் உடனே பதில் சொல்லிவிட வேண்டுமா என்ன?

மார்ச் 21

நவுரூஸ், வசந்தப் புத்தாண்டு. நாத்தனார் ஜிபாரின் மாமியார் சைராகான், எங்கள் சம்பந்தியம்மா, நரினிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார். சம்பந்தி ஒரு பொருளை நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டால் அது அப்புறம் நம்முடையது இல்லை. போன வருடம் ஒரு குதிரைப் படம் அப்படித்தான் போயிற்று. அதனால் காலையிலேயே எல்லா ஓவியங்களையும் சுவர் பக்கம் திருப்பி, மேலே போர்வையைப் போட்டு மூடினேன்.

பிறகு நானே போய்ப் போர்வையை எடுத்தேன். "நீ என்னமோ வரையறியாமே பொண்ணு, காட்டேன்" என்று அவர் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அவர் நான்காவதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "தொண்ணூத்தாறுல நானும் சந்தையில இப்படித்தான் தூங்குவேன். ஒரு கை மூட்டை மேல, ஒரு கை காசுப்பை மேல. நல்லாயிருக்கு" என்றார். என் மாமியார் என்னைப் பார்த்தார். "எடுத்துக்கங்க சம்பந்தியம்மா" என்றது நான்தான்.

வண்ணம் இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை. காரின் பின்சீட்டில் தலையணை வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மார்ச் 22

முட்டாள். வேற என்ன எழுத.

ஏப்ரல் 17

அதையே மறுபடி வரைந்தேன். மூன்று வாரம். மூட்டையெல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. அந்தப் பெண்தான் தூங்கவில்லை, தூங்குவதுபோல் நடிக்கிறாள். ஃபோட்டோ எடுத்து ரௌஷானுக்கு அனுப்பினேன்.

"பழசு எங்க?" என்றார். சொன்னேன். அவரும் கசாக் பெண்தானே, அங்கேயும் இதே வழக்கம், விளக்க வேண்டியிருக்கவில்லை. "புரியுது. ஆனா அது இல்லாம கண்காட்சி இல்ல. ஜூன் முடியறதுக்குள்ள சொல்லு, பின்னால ரெண்டு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

மே 11

மாமியாரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? அங்க என் பொண்ணு மாசமா இருக்கா, புருல். உன் படத்துக்காக அவ தினமும் பேச்சு வாங்கணுமா?"

"திருப்பி இல்ல அத்தை, ரெண்டு மாசம் இரவலா..."

"வாங்கிக்கிட்டவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான்.

ஜூன் 2

மாமியாருக்குத் தெரியாமல் ஜிபாரிடம் ஃபோனில் பேசினேன். சம்பந்தியம்மாவிடம் பக்குவமாக இரவல் கேட்டுப் பார் என்றேன்.

ஜூன் 6

நரின் டாக்சிக்காரர் வாசலில் ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஓவியம். அதோடு, ஜிபார் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவுக்கு நாங்கள் போர்த்திய மேலங்கி, சால்வை, அவர் கணவருக்குக் கொடுத்த தொப்பி, இரண்டு துணிச் சுருள். நாங்கள் கொடுத்த எல்லாமே. ஒரு வரி கடிதம் இல்லை. உறவு முடிந்தது என்பதற்குக் கடிதம் எதற்கு?

ஜிபார் ஃபோனில் அழுதாள். மாமியார் என் முகத்தைப் பார்க்காமல் மேலங்கியை மடித்துக்கொண்டே இருந்தார்.

படம் இப்ப என் கையில இருக்கு. நாளைக்கே அல்மாத்திக்கு அனுப்பலாம். யாரும் தடுக்க மாட்டாங்க. ஜிபார் மாசமா இருக்கா— முடியலையே என்னால.

ஜூன் 8, நரின்

மூட்டையை ஓவியத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொண்டுவந்தேன். சம்பந்தியம்மா உள்ளே விட்டார். கிண்ணம் விளிம்புவரை தேநீர் ஊற்றினார். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். கை சுடச்சுடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தப்பு என்னுது. ஜிபாரை ஒண்ணும் சொல்லாதீங்க. படம் உங்களுது."

"நிஜமாவே என்னுதா?"

"உங்களுதுதான்."

"அப்ப இனிமே அதைக் கேட்டு யாரும் ஆள் விடக்கூடாது" என்றார். மேலங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அடுத்த கிண்ணத்தைப் பாதிதான் ஊற்றினார். சமையலறையில் ஜிபார் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜூன் 9

அங்கிருந்து பிஷ்கேக் வரும்வரை டாக்சியில் அழுதேன். ஓட்டுநர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார், நல்ல மனிதர். ரௌஷானிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கும் விண்ணப்பம் எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 20

சம்பந்தியம்மாவிடமிருந்து ஃபோன். "அல்மாத்தியில எந்தத் தெரு? கண்காட்சி நின்னுபோனதெல்லாம் ஜிபார் சொன்னா. யார் கையிலயும் குடுத்தனுப்ப மாட்டேன். என் பொருள், நானே கொண்டு வருவேன், நானே எடுத்துட்டுப் போவேன்."

ரௌஷானிடம் கேட்டேன். கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது, நான்கு நாள் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19, அல்மாத்தி

பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லீவு கேட்டதற்குத் தலைமையாசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தானே.

இன்று மூன்றாவது நாள். சம்பந்தியம்மா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஓவியத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக்கூட எழுவதில்லை. வருகிறவர்கள் கழிப்பறைக்கு வழி கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். நான்காவதைப் பார்த்துவிட்டு விலை கேட்டார். நான் சம்பந்தியம்மாவைக் காட்டினேன்.

"விக்கறதுக்கில்ல. நான் நல்லாயிருக்குன்னு சொன்னேன், இவ குடுத்துட்டா."

அவர் சிரித்துவிட்டார். மெல்ல நடந்து, சர்க்கரை நிறுக்கிற பெண்கள் இருந்த ஓவியத்தின் முன்னால் போய் நின்று, எங்கள் காதில் விழும்படி, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"எடுத்துக்கங்க" என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நீங்க எங்களுக்குச் சம்பந்தி இல்லையே" என்றார் சம்பந்தியம்மா. "காசு குடுத்து வாங்கிக்கங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். ரௌஷான் மேசையிலிருந்து எழுந்து வருவதற்குள் விலையை நானே சொன்னேன். குறைத்துச் சொல்லவில்லை. அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, படத்தை இன்னொரு தடவை கிட்டத்தில் போய்ப் பார்த்தார். பிறகு, கட்டித் தர முடியுமா என்று கேட்டார்.