வியாழக்கிழமை வேலைக்குப் போகாதே

4 பிப்ரவரி

அன்பு அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று மொட்டையாக எழுதினால் நம்ப மாட்டேன்; முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது.

பட்டாளத்தில் என் கையில் துப்பாக்கியைத் திணித்துவிடுவார்கள் என்று பயந்தாயே, இந்தப் புது மாற்றலில் தட்டச்சு இயந்திரத்தைத் திணித்திருக்கிறார்கள். போரில் இறந்தவர்களின் வீட்டுக்குப் போகும் கடிதங்களை அடிப்பதுதான் என் வேலை. பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அடித்தது அதிகாரியின் கையெழுத்துக்காகச் சில நாள் கிடக்கும். பிறகு சீருடையில் ஒருவர் அதை நேரே வீட்டுக்குக் கொண்டுபோவார். அதுவரை நாங்கள் மூச்சு விடக் கூடாது, விட்டால் சிறை.

எதிர் வீட்டுத் தையல்காரம்மாவோடு இன்னும் பேச்சில்லையா? அவர் மகன் நெட்டையன் போர்முனையிலிருந்து ஒழுங்காக எழுதுகிறானா? நீயாக ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போவாய்?

உன் வாயாடி

17 பிப்ரவரி

என் வாயாடிக்கு,

குறைந்துதான் போவேன். நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்று மாடிப்படியில் நாலு பேர் முன்னால் அவள் என்ன கேட்டாள்? “பொண்ணைப் பட்டாளத்துக்கு அனுப்பித்தான் சாப்பிடணுமா?” ஐந்தே மாதத்தில் அவள் மகனும் போனான். நான் ஏதாவது கேட்டேனா? இப்போது படியில் எதிர்ப்பட்டால் நான் சுவரைப் பார்ப்பேன், அவள் கைப்பிடியைப் பார்ப்பாள். நன்றாகத்தான் போகிறது.

அவன் எழுதுகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? தபால்காரர் வந்துபோனால் அவள் தையல் மெஷின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்.

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் எனக்கு இரட்டை வேலை. முழங்காலுக்கு வலிக்கக்கூட நேரமில்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அம்மா

8 மார்ச்

அம்மா,

சனிக்கிழமைதோறும் நம் ஊருக்கு ரொட்டி ஏற்ற வரும், லாரி ஓட்டும் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

வருகிற வியாழக்கிழமை வேலைக்குப் போகாதே. காலையிலேயே தையல்காரம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள். என்ன சாக்கு வேண்டுமானாலும் சொல். அவர் திட்டினாலும் எழுந்து வராதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன் அம்மா, அவரைத் தனியாக இருக்க விடாதே.

எனக்கு ஒன்றுமில்லை. நேற்று ஒரே தாளை ஏழு முறை அடிக்க வேண்டியிருந்தது. விரல் வலிக்கிறது. இத்துடன் முடிக்கிறேன்.

உன் மகள்

15 மார்ச்

என் கண்ணுக்கு,

இதையும் லாரி அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதத்தை எரித்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை நம் வீட்டிலும் வளர்ந்தவன்தானே.

வியாழக்கிழமை வெறுங்கையோடு போக முடியாமல், நல்ல தலையணை உறை ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். தையல்காரியிடம் போய் அப்படி ஒரு பொய். வாங்கி ஒரு முறை தடவிப் பார்த்தாள். “இது கிழிஞ்சது இல்ல, கிழிச்சது” என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உம் பொண்ணு எழுதினாளா?” என்று கேட்டாள். அவள் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு அந்த உறையைத் தைக்க உட்கார்ந்தாள். முழுவதையும் தைத்து முடித்தாள்.

பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அவளேதான் போய்த் திறந்தாள். இன்னொரு கையில் என் கையைப் பிடித்திருந்தாள். வந்தவர் சந்தேகமாக, முன்பே தெரியுமா என்று கேட்டார். “பெத்தவளுக்கு மனசுல படாதா?” என்று ஒரே போடாகப் போட்டாள். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் எழுதிய கடிதங்களை எல்லாம் என்னிடம் கொடுத்தாள். எல்லாவற்றிலும், எதிர் வீட்டோடு ராசியாகிவிடு என்று கெஞ்சியிருக்கிறான். கடைசிக் கடிதத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறான். திரும்பி வந்ததும் உன்னைப் பெண் கேட்க வர வேண்டுமாம். வீம்பில் அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. நீயும் என்னிடம் வாய் திறக்கவில்லை. நீங்கள் இருவரும் அங்கிருந்து கெஞ்ச, இங்கே நாங்கள் சுவரையும் கைப்பிடியையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அவன் பெயரை நீ ஏன் ஏழு முறை அடிக்க வேண்டியிருந்தது என்று அப்போதுதான் என் மரமண்டைக்குப் புரிந்தது. அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்து, “எனக்கு நீ வந்த. அவளுக்கு யாரு வந்தா?” என்று கேட்டாள்.

வருகிற புதன்கிழமை, முதல் பஸ்ஸிலேயே இருவரும் வருகிறோம். உள்ளே விடாவிட்டால் வாசலில் நிற்போம். ஐந்து நிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வா. எங்களில் யாரிடம் நீ முதலில் வந்தாலும் மற்றவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உன் அம்மா