பூவல் தண்ணீர் தெளிந்தபோது

05.11.96 செவ்வாய்

மழை. நாலாவது நாள். கொட்டிலின் கூரைத் தறப்பாளில் இரண்டு புது ஓட்டை. ஒன்றுக்குக் கீழே சட்டி, மற்றதுக்குக் கீழே இவர். தள்ளிப் படுக்கச் சொன்னால் "அங்கையும் ஒழுகும்" என்கிறார். நீர்ப்பாசனத்தில் இருபது வருடம் வாய்க்கால் வெட்டிய மனிதர். வீட்டுக்குள் ஓடும் வாய்க்காலை மறிக்கத் தெரியவில்லை.

சண்டையால் உருத்திரபுரத்தை விட்டு ஒட்டுசுட்டானுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. அங்கே ஓட்டு வீடு. நிற்கிறதோ தெரியாது.

மரத்தடிப் பள்ளிக்கூடம் மழையால் இல்லை. உயர்தர வகுப்பில் நாலு பேர் மட்டும் நனைந்துகொண்டு வந்தார்கள். இரசாயனம் படிப்பிக்க என்னிடம் இருப்பவை: சோதனைக் குழாய் ஒன்று, லிற்மசுத் தாள் அரைக் கட்டு (ஈரம்), வெண்கட்டி ஏழு. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அமிலம், கரும்பலகையில் காரம்.

அதிபர் உரப்பை நிறையப் பழைய சஞ்சிகை தந்தார். எங்கேயோ ஒரு நூலகம் இடம்பெயர்ந்தபோது மிஞ்சியவை. நனைந்து ஒட்டிக் கிடந்தன. பக்கம் பக்கமாக உரித்துக் கொடியில் போட்டேன். உடுப்புக் காயப்போட இடமில்லை. ஒரு சஞ்சிகையில் 'அண்மைய ஆய்வுகள்' என்று இரண்டு பக்கம். மருத்துவம், இரசாயனம், பொறியியல், கட்டடக்கலை, சுற்றாடல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. பசி கிடந்தவள் போல வாசித்தேன்.

இவருக்கும் வாசித்துக் காட்டினேன். கட்டடக்கலை: வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை.

"முதல்லை மழையைத் திருப்பி அனுப்பச் சொல்லும்" என்றார்.

சுற்றாடல்: முருங்கை விதையை இடித்துக் கலந்தால் கலங்கல் தண்ணீர் தெளியும். மண்ணைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்விடுமாம். கடைசி வரி, அதன் பிறகும் கொதிக்க வைக்க வேண்டும் என்பது. இதை மட்டும் இரண்டாம் தரமும் வாசித்தேன்.

06.11.96 புதன்

மழை. துவாலை மணக்கிறது. எல்லாம் மணக்கிறது.

எங்கள் தண்ணீர் எல்லாம் குளத்தங்கரைப் பூவலில் இருந்துதான். மணலில் தோண்டிய பள்ளம், ஊறி வருவதை அள்ளுவது. வந்த புதிதில் நல்ல தண்ணீர். இந்த மழைக்கு நாலு பக்கத்து மண்ணும் அதற்குள். குடத்தில் எடுத்தால் பால் விட்ட தேத்தண்ணி. சுண்ணாம்பு நீறு போட்டுப் பார்த்தாயிற்று, சீலையில் வடித்துப் பார்த்தாயிற்று. படிகாரம் கடைகளில் இல்லை. குளோரீன் தூள் சுகாதாரப் பரிசோதகரிடமே இல்லை. கேட்டால் கையை விரிக்கிறார்.

குளத்துக்கு அங்கால் ஆளில்லாத வளவில் முருங்கை மரம். நெற்றுக்கள் காய்ந்து தொங்குவதைப் போகிற வழியில் கண்டிருக்கிறேன். மழையோடு மழையாகப் போய்ப் பிடுங்கி வந்தேன். நாற்பத்திரண்டு வயதில் முருங்கை மரத்துக்குக் கொக்கத்தடி. இவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

08.11.96 வெள்ளி

பரிசோதனை. ஜாம் போத்தல் நாலு, ஒரே அளவு பூவல் தண்ணீர். விதையின் தோலை நீக்கி, பருப்பை அம்மியில் அரைத்து, கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து விட்டது. இரண்டு மணித்தியாலம் ஆடாமல் வைத்தது.

1. ஒன்றும் விடாதது. அப்படியே.
2. ஒரு விதை. மேலே கொஞ்சம் வெளுப்பு.
3. இரண்டு விதை. அடியில் மண், பஞ்சு போல. மேலே தண்ணீர்!!
4. நாலு விதை. மூன்றாவதைவிடத் திறமில்லை. வீண்.

மூன்றாம் போத்தலுக்குப் பின்னால் சஞ்சிகையைப் பிடித்தேன். எழுத்து வாசிக்க முடிந்தது. இவரைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்து, "உம்முடைய பட்டத்துக்கு இப்பதான் வேலை வந்திருக்கு" என்றார். நக்கல்தான். ஆனால் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தார்.

அடுத்த கொட்டில் பாக்கியமும் வந்து நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவள். உருத்திரபுரத்தில் எங்கள் வயலில் நாற்று நட வருவாள். ஓடும்போதும் ஒன்றாகத்தான் ஓடினோம். புருஷன் நெடுங்கேணிப் பக்கம் மரம் அரிகிற வேலைக்குப் போய்விட்டான். இடுப்பில் பாப்பா. ஒன்றரை வயது, நாலு பல்லு, என் மூக்குக் கண்ணாடியில் ஒரே கண்.

"என்ன டீச்சர் இது, கண்ணாடி மாதிரி இருக்கு!"

செய்முறை கேட்டாள். எத்தனை விதை, எவ்வளவு நேரம், எத்தனை சுற்றுச் சுற்றுவது. நூறு என்றேன், வாயில் வந்தது. தன் குடத்தில் அகப்பையைப் போட்டு வாய்விட்டு எண்ணினாள். எழுபதில் பாப்பா அழுதது, தூக்கிக்கொண்டு எண்பது, தொண்ணூறு, நூறு.

எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்த மாணவிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். இப்படி ஒருத்தி இருக்கவில்லை.

12.11.96 செவ்வாய்

தீபாவளி வந்து போனது. நிவாரண மாவில் றொட்டி, சம்பல்.

பூவலடியில் முழுச் சனமும் விதை கேட்கிறது. ஒவ்வொருவருக்கும் சொல்லித் தொண்டை கட்டிப்போயிற்று. அறிவித்தல் எழுதி மரத்தில் கட்டினால் என்ன என்றார் இவர். கொப்பித் தாள் ஒன்று கிழிப்பதென்றால் இப்போது பல்லுப் பிடுங்குவது மாதிரி. அரைத் தாள்தான் கிடைத்தது. தூரத்தில் நின்று வாசிக்கப் பெரிய எழுத்து.

விதைத் தோலை நீக்குக.
ஒரு போத்தல் தண்ணீருக்கு இரண்டு விதை.
அரைத்து, கரைத்து, வடித்து விடுக.
நூறு தரம் சுற்றுக.
இரண்டு மணி நேரம் விட்டு மேல் தண்ணீரை எடுக்க.

தாள் முடிந்தது. கொதிக்க வைக்கிற வரிக்கு இடமில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, விட்டேன். பொலித்தீன் பையில் போட்டு மரத்தில் கட்டினேன்.

முதுகு வலி. சித்தாலேப எண்ணெய் போத்தலைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், இன்னும் இரண்டு துளி வரும்.

15.11.96 வெள்ளி

மழை கொஞ்சம் குறைவு.

விறகுக்குக் காட்டுக்குப் போன இரண்டு பெண்கள் யானையைக் கண்டு, கட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். இருக்கிற விறகும் ஈரம். காலையில் எல்லாக் கொட்டிலிலும் புகை, எல்லாருக்கும் இருமல். இன்று புகை குறைவாகத் தெரிந்தது. சனம் விறகைச் சேமிக்கிறது போல.

பூவலடியில் கேட்டது: "ரீச்சற்றை தண்ணி." என் பெயரில் தண்ணீர்! சந்தோஷம்தான், மறைப்பானேன். பதினெட்டு வருடப் படிப்பிப்பில் என் இரசாயனம் ஒரு ஆளுக்கு உடனே பிரயோசனப்பட்டது இதுதான் முதல் தரம்.

சஞ்சிகைக்கு எழுதி அனுப்பலாம் என்று ஒரு ஆசை. சஞ்சிகை இன்னும் வருகிறதோ தெரியாது, தபாலும் எப்போது போகுமோ. ஆனாலும் தொடங்கினேன். நோக்கம், முறை, அவதானம் எழுதியாயிற்று. முடிவு நாளைக்கு. நித்திரை வருகிறது.

18.11.96 திங்கள்

வகுப்பில் இரண்டு பேர் இல்லை. வயிற்றோட்டம் என்றார்கள். மாரி காலத்தில் வழமைதான்.

பின்னேரம் சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்தார். முழங்கால் வரை சேறு. மரத்தில் கட்டிய தாளைக் கையில் கழற்றி வைத்திருந்தார்.

"ரீச்சர், உது நீங்கள் எழுதினதோ?"

ஓம் என்றேன். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழும்பிக் கதிரையைக்கூட இழுத்துப் போட்டேன்.

"கிழக்காலை பன்ரெண்டு கொட்டில்லை வயித்தாலை போகுது. ஏன் தண்ணியைக் கொதிக்க வைக்கேல்லை எண்டு கேட்டன். தண்ணி வடிவாத்தானே இருக்குது, பிறகென்னத்துக்கு எண்டு கேக்குதுகள். கலங்கலா இருக்கேக்கை பயத்திலை கொதிக்க வைச்ச சனம் ரீச்சர்."

அவர் கோபிக்கவில்லை. களைத்த மனிதர். தாளைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

தாளை நாலு தரம் வாசித்தேன். ஐந்து வரி. மேலே ஓரத்தில் இடம் இருந்திருக்கிறது. எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கியிருக்கலாம். பின்பக்கம் முழுக்க வெறுமை.

எல்லாருக்கும் தெரிந்ததுதான். நோயாளிக்குச் சுடுதண்ணீர், கலங்கல் தண்ணீருக்கு அடுப்பு. தெளிந்த தண்ணீரை யார் காய்ச்சினார்கள்? உருத்திரபுரத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நானே காய்ச்சவில்லை. இது எனக்கு ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை?

19.11.96 செவ்வாய்

பள்ளிக்கூடம் போகவில்லை. கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொன்னேன். இவர் குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ஒரு வீட்டில் ஓம் ஓம் என்றார்கள். ஒரு வீட்டில், "அப்ப உந்த விதை பிழையோ?" விதை பிழையில்லை, மண்ணை எடுக்கும், கிருமி முழுக்கப் போகாது என்று விளங்கப்படுத்தினேன். ஒரு கிழவர், "முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார். ஓம்.

பாக்கியத்தின் கொட்டிலுக்குக் கடைசியாகத்தான் போனேன். பக்கத்துக் கொட்டில். ஏன் கடைசி என்று என்னை நானே கேட்கவில்லை.

பாப்பாவுக்கு நேற்றுப் பின்னேரத்திலிருந்து வயிற்றாலை போகிறது. கண் உள்ளே போயிருந்தது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. உப்புச் சீனிக் கரைசல் கரைத்துக் கரண்டியால் கொடுத்தோம். வாங்கியது, பிறகு எல்லாவற்றையும் சத்தி எடுத்தது.

"தண்ணி நல்ல தண்ணிதான் டீச்சர் குடுத்தேன். நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். மாந்தமா இருக்குமோ?"

இவர் உழவு இயந்திரம் ஒன்று பிடித்து வந்தார். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூவரும் பாப்பாவும். இழுவைப் பெட்டிக்குள் தண்ணீர் தளும்பியது. பாக்கியம் சீலைத் தலைப்பால் பிள்ளையை மூடிப் பிடித்திருந்தாள். எத்தனை பேரிடம் காலையிலிருந்து சொன்னேன், இவளிடம் வாய் திறக்கவில்லை.

20.11.96 புதன்

சேலைன் ஏறுகிறது. நரம்பு கிடைக்க மிகவும் கஷ்டப்பட்டார்கள். நல்ல பிள்ளைகள், அந்தத் தாதிமார்.

மத்தியானம் பாப்பா என் கண்ணாடியைப் பார்த்தது. கையை நீட்டவில்லை, பார்த்தது. கழற்றிக் கையில் கொடுத்தேன். பிடிக்கவில்லை.

கடவுளே, இந்த ஒன்றை விடு.

வீடு வந்து சோறு வைத்தேன். அடி பிடித்துவிட்டது. இவர் அதையே தின்றார். பிறகு, "சனத்துக்கு முந்தியும் வயித்தோட்டம் வந்ததுதானே. உம்முடைய தாளாலை மட்டுமெண்டு ஆர் சொன்னது?" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார். சரியாகவும் இருக்கலாம். எந்தத் தண்ணீரில் எது இருந்தது என்று பார்க்க இங்கே என்ன இருக்கிறது, லிற்மசுத் தாளா?

21.11.96 வியாழன்

விடிய ஐந்தரைக்குப் பாப்பா போய்விட்டது.

22.11.96 வெள்ளி

நேற்றே அடக்கம். புருஷனுக்கு ஆள் அனுப்பியது, வந்து சேர நேரம் போய்விட்டது. மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறியது. இவர் வாளியால் இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது.

இன்று பாக்கியத்தோடு இருந்தேன். தானாகவே சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்குப் போற முன்னால தண்ணி கேட்டிச்சு டீச்சர். நல்ல தண்ணியா இருந்திச்சு, குடுத்தேன். சேத்துத் தண்ணி குடுத்து அனுப்பிட்டேனேன்னு ஒரு கொற இல்ல எனக்கு. அது ஒங்க புண்ணியம்."

எழும்பி வந்துவிட்டேன். தலையிடி என்று சொன்னேன்.

சஞ்சிகைக்கு எழுதியதை எடுத்து அடுப்பில் வைத்தேன். தாள் நன்றாகக் காய்ந்திருந்தது, உடனே பற்றியது. அதில் ஒரு கேத்தில் தண்ணீர் கூடச் சூடாகாது.

23.11.96 சனி

பரிசோதகர் வந்தார். புதிதாக ஒருவருக்கும் இல்லையாம். சனம் கொதிக்க வைக்கிறது. கொஞ்சம் குளோரீன் தூளும் வந்திருக்கிறது, அவர் தலையில் அடித்துச் சொன்னார், இப்போதுதான் வந்தது, போன கிழமை வந்திருக்கக்கூடாதா என்று. மரத்தில் புது அறிவித்தல் கட்டினேன். முழுத் தாள். கொதிக்க வைக்கவும் என்பது முதல் வரி, மற்ற எல்லாவற்றிலும் பெரிது.

இவரிடம் சொன்னேன், பாக்கியத்துக்குச் சொல்லப் போகிறேன் என்று.

"சொல்லி என்ன வரப்போகுது? அந்த மனுசி உம்மை நம்பித்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு. உமக்குப் பாரம் இறங்கவேணுமெண்டு அதின்ரை தலையிலை ஏத்தப்போறீரோ?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கோபம் வந்தது.

ஆனால் என்றைக்கோ ஒரு நாள் பூவலடியில் யாரோ அவளுக்குச் சொல்வார்கள். அதை அவள் என் வாயால் கேட்க வேண்டும்.

24.11.96 ஞாயிறு

வெயில். இருபத்திரண்டு நாளைக்குப் பிறகு. கண் கூசியது.

பாக்கியம் வாசலில் சுள்ளி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். கொதிக்க வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது, எனக்குத் தெரியும், தாளில் இடமில்லை என்று எழுதாமல் விட்டேன், உனக்கு வாயாலும் சொல்லவில்லை, பாப்பா அதனால்தான் என்று வந்தபோது குரல் நின்றுவிட்டது.

அவள் சுள்ளியைத் திருப்பிப் போட்டாள். ஒவ்வொன்றாக, கடைசிவரைக்கும். ஏசுவாள், அழுவாள், எழும்பிப் போ என்பாள் என்று காத்திருந்தேன். பிறகு நிமிராமலே சொன்னாள்:

"வெறகு நனைஞ்சி கெடந்திச்சு டீச்சர். நீங்க சொல்லியிருந்தாலும் நான் காய்ச்சியிருக்க மாட்டேன். அத மனசுல வச்சிக்காதீங்க. ஒக்காருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

பொய். நான் சொல்லியிருந்தால் ஊதி ஊதி நெஞ்சு வெடித்தாவது காய்ச்சியிருப்பாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

உட்கார்ந்தேன். தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.