எல்லாருக்கும் என் விரல்

மே 19, 2058. காலை 9.10
கூனித்திட்டு ஆரம்ப சுகாதார நிலையம். பொறுப்பாளர் முத்தழகன். படிப்பு பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில். தீவு ஊர், கரைக்கு ஒரே பாலம். மின்சாரம் உண்டு, மருந்து உண்டு, டாக்டர் இல்லை. பெருந்தொற்றில் போனவர்கள் போக மிஞ்சியவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஓர் இயந்திரம். ஊரில் அதற்கு டாக்டரம்மா என்று பெயர். யாருக்கு என்று பெயர் சொல்லி, கண்ணாடியில் விரலை வைத்தால் நாடியும் அழுத்தமும் பார்த்து மாத்திரையைத் தள்ளும்.

இன்று வாராந்திர மாத்திரை நாள். தொற்றுக் காலத்தில் அந்தக் கண்ணாடியைத் தொட்டவர்கள்தான் முதலில் போனார்களாம். அதனால் ஒருவரும் தொடுவதில்லை. செங்கேணி அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே, "நீயே வையி தம்பி, ஒனக்கென்ன, எருமைத் தோலு" என்றார். வைத்தேன். பல மாதமாக இப்படித்தான். என் மகள் துவாரகாவுக்கும் நான்தான். வயிற்றில் எட்டு மாதம் என்று அவள் மாமியார் தொட விடவில்லை. 'கர்ப்பிணியின் நாடி அருமை' என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டியது. மிக ஆரோக்கியமான ஊர் என்று மேலிடத்திலிருந்து சான்றிதழும் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

மே 26. காலை 9.40
துவாரகா நடந்தே வந்தாள். "காலு வீங்கிப்போச்சுப்பா. தலை பொளக்குது. கண்ணுல பூச்சி பறக்குது." இழுத்துக்கொண்டு போய் அவள் விரலையே வைத்தேன். முதல் தடவை.

டாக்டரம்மா: "அழுத்தம் மிக அதிகம். வலிப்பு வரலாம். ஆம்புலன்ஸ் புறப்பட்டது."

வலிப்புக்கான ஊசி பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரிகிறது. நிஜ டாக்டர் ஒருவரின் குரல் கேட்டால்தான் பெட்டி திறக்கும்.

காலை 10.05
அவளைப் பெஞ்சில் படுக்க வைத்தேன். வெளியே வரிசை கலையவில்லை. "வண்டி வர்ற வரைக்கும் சும்மாத்தானே நிக்கிற? எங்களுக்கு வச்சு வுடு." சும்மா நிற்க முடியாமல் வைத்தேன். ஒவ்வொரு பெயராக ஊர் முழுக்க. நெஞ்சு மோட்டார் படகு மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

காலை 10.50
டாக்டரம்மா: "ஊரில் அனைவருக்கும் சீரற்ற நாடி. முதல் நோயாளி துவாரகா. புதிய தொற்று என ஐயம். பாலம் மூடப்பட்டது. ஆம்புலன்ஸ் திரும்புகிறது."

காலை 11.00
ஒலிபெருக்கியில் அறிவித்ததும் வரிசையைக் காணோம். எல்லா வீட்டையும் சாத்திவிட்டார்கள். படகெல்லாம் கடலில். மருமகனும் கடலில்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் போலீஸ்.

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அத்தனையும் என் விரல்தான் தாயே. ஊருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம்."

டாக்டரம்மா: "முத்தழகன். குழப்பமான பேச்சு. கூடுதல் அறிகுறியாகச் சேர்க்கப்பட்டது."

அப்புறம் சொன்னது: "அனைவரின் நாடியும் சீராக இருந்தால் பாலம் திறக்கப்படும்."

காலை 11.20
வீடு வீடாகக் கதவைத் தட்டினேன். ஒருத்தராவது வந்து விரலை வையுங்கள் என்று கெஞ்சினேன். செங்கேணி அக்கா உள்ளேயிருந்தே அழுதார். "எங்களக் கொல்லாத தம்பி. நீயே வையி. மனச அமைதியா வச்சுக்கிட்டு வையி."

அமைதியா.

காலை 11.45
தண்ணீர் குடித்தேன். முகம் கழுவினேன். கண்ணை மூடிக்கொண்டு செங்கேணி என்றேன். சீரற்றது. மறுபடி. சீரற்றது.

"அப்பா, என்னப்பா பண்ற?"

ஒண்ணுமில்லடா என்றேன்.

காலை 11.58
எப்போது பார்த்தாலும் தூங்குகிற ஆள் நான். வேலை நேரத்தில் தூங்கியதற்காக இரண்டு முறை நோட்டீஸ் வாங்கியவன். அந்த நெஞ்சு இன்றைக்கு எங்கே போனது?

செங்கேணி. சீரற்றது.

12.06
மகளைக் கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் பெஞ்சு ஆடுகிறது. கால் சுவரில் மோதுகிற சத்தம். ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டால் விரல் வைக்க ஆளில்லை. திரும்பிப் பார்த்தால் நெஞ்சு இன்னும் அடிக்கும். திரும்பவில்லை. துவாரகா என்று பெயர் சொல்லி விரலை வைத்தேன்.