பாதியில் நிற்கும் மெட்டு

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தினை முளைத்திருக்கிறது. யாரும் விதைக்கவில்லை. சிந்தியது, மழை பெய்தது, முளைத்துவிட்டது. இன்று காலை பிடுங்கக் குனிந்தவள், பிடுங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "டீச்சரம்மா வெவசாயத்துல எறங்கிட்டாங்க, இனி சேந்தமங்கலம் சந்தைக்கு லோடு அடிக்க வேண்டியதுதான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருப்பீர்கள்.

அந்தத் தினை ஒரு பறவைக்காக வாங்கியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் முருங்கை மரத்தில் காக்கைகள் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பறவை. தலையில் மஞ்சள் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை இடைவேளையில் மைதானத்து நடுவே நிற்குமே, ஓடவும் தெரியாமல் அழவும் தெரியாமல், அப்படி உட்கார்ந்திருந்தது. ஒரு காக்கை கொத்தியதும் கல் மேல் விழுந்தது. ஓடிப்போய் ஈரத் துண்டைப் போட்டு மூடி எடுத்தேன். துண்டுக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது உள்ளங்கைக்குத் தெரிந்தது. உங்கள் நெஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு, உயிருள்ள ஒன்றின் துடிப்பை என் கை தொட்டது அன்றைக்குத்தான்.

ராசுவைக் கூப்பிட்டேன். உங்களிடம் கிளீனராக இருந்த அதே ராசுதான். இப்போது தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்.

"இது காக்டெயில் கிளிங்க டீச்சர். கடையில விக்கறது. யாரோ வளத்தது தப்பிச்சு வந்துருச்சு. வெளிய உட்டா காக்காயே முடிச்சுரும்."

"அப்ப யாருதுன்னு தேடணும் ராசு."

"தேடலாம். அதுவரைக்கும் உங்களுக்கும் பேச்சுத் துணையா இருக்கட்டுங்க. செவுத்தோட பேசறதுக்கு இது தேவலை."

கோழி கவிழ்க்கும் கூடையைக் கொண்டுவந்து கொடுத்தான். தினையும் அவன் வாங்கி வந்ததுதான்.

மறுநாள் விடியும் நேரம். அரைத் தூக்கத்தில், நம் சந்துக்குள் உங்கள் லாரி பின்னால் வரும்போது ரிவர்ஸ் ஹாரனில் ஒலிக்கும் அந்த மெட்டு கேட்டது. எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் புத்தி வந்தது. வண்டியை விற்றாகிவிட்டது. விற்றுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருக்கப்போகிறேன் என்று சொன்ன நீங்கள் ஒரு தீபாவளியைக்கூட இங்கே பார்க்காமல் போய்விட்டீர்கள். சந்து காலியாகக் கிடந்தது. என் முதுகுக்குப் பின்னால், கூடைக்குள்ளிருந்து, பறவை மறுபடியும் அதே மெட்டை விசிலடித்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தச் சங்ககிரியில் பாதி வண்டிகளுக்கு அதே மெட்டுதான் என்பது எனக்குத் தெரியாததா? ஒருவர் மாட்டினால் அடுத்தவரும் அதையே கேட்டு மாட்டுகிறார். ஆனால் அந்தப் பறவை மெட்டை முழுதாகப் பாடவில்லை. பாதியில், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் நிறுத்தியது. நம் வீட்டிலும் அந்த மெட்டு ஒருநாளும் முடிந்ததில்லை. சந்து அவ்வளவுதான் நீளம். முடிவதற்குள் வண்டி சுவரோரம் வந்து நின்றுவிடும், நீங்கள் கியரை மாற்றிவிடுவீர்கள். "முன்னாடி ஓட்டறது பெருசில்ல டீச்சர், பின்னாடி எடுக்கறப்பதான் ஆளு யாருன்னு தெரியும்" என்பீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. நீங்கள் நாக்பூர் லைனில் ஓடிக்கொண்டிருந்த காலம். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மெட்டு கேட்டது. உலையில் உங்களுக்கும் சேர்த்து அரிசி போட்டு, ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டு வாசலுக்கு வந்தால், அடுத்த சந்துக்காரர் வண்டி. நீங்கள் பல நாள் கழித்து வந்தீர்கள். விஷயத்தைச் சொன்னதும், "அடுத்தவன் வண்டிக்கு எம்பொண்டாட்டி சோறாக்கி வெச்சிருக்கறாங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, "மெட்ட மாத்திரட்டுங்களா? வேற யாருக்கும் இல்லாத மாதிரி ஒண்ணு?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பறவை என்னோடு பழகிவிட்டது. பேப்பர் படிக்கும்போது தோளில் ஏறிக் கண்ணாடிக் காம்பைக் கொத்தும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் விளிம்பில் நடக்கும். நான் அதோடு பேச ஆரம்பித்தேன். இந்த வீட்டில் என் குரல் எப்படி ஒலிக்கும் என்பதையே மறந்திருந்தேன். இதற்கு உரிய வீட்டைத் தேட வேண்டும் என்று தெரியும். தேடாமல் விட்டாலும் கேட்க ஆளில்லை என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

இதற்கிடையே ராசு பறவையின் படத்தை வாட்ஸப்பில் போட்டுவிட்டான். பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் கூண்டோடு வந்து நின்றார். ஆயுள் முழுக்கப் பரீட்சை வைத்தவள் சும்மா கொடுப்பேனா? "உங்களுதுன்னா கூப்பிடுங்க, வருதான்னு பார்ப்போம்" என்றேன்.

"வா சாமி, வா வா" என்றார். பறவை கூடை மேலிருந்து இறங்கி நடந்துபோய் அவர் கையில் ஏறிக்கொண்டது. சரி, கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தினைப் பொட்டலத்தை எடுக்கத் திரும்பினேன்.

"இருங்க டீச்சர்" என்றான் ராசு. "வா சாமி." பறவை அவன் தலையில் போய் உட்கார்ந்தது.

"நம்மூர்ல மாட்டையும் சாமிங்கறோம், மாமியாரையும் சாமிங்கறோம். இத வெச்சு ஆளக் கண்டுபுடிக்க முடியுமுங்களா?" என்றவன் அவர் பக்கம் திரும்பி, "அண்ணா, கூண்டுல கடைச் சீட்டே இன்னும் கிழிக்கல பாருங்க" என்றான்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பாப்பா ஒண்ணு வேணும்னு கேட்டுட்டே இருக்குதுங்க" என்றார்.

"கூண்டுதான் ரெடியா இருக்குதே. பறவைய மட்டும் வாங்கிக் குடுத்துருங்கண்ணா."

டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். கேள்வி தப்பாக இருந்தால் எழுதுகிறவர்கள் எல்லாரும் பாஸ்தான். நான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று அப்போதுதான் உறைத்தது. இந்தப் பறவை கேட்டு வளர்ந்த, அந்த மெட்டு பாதியில் நிற்கிற சந்து எது?

ராசுவிடம் கேட்டேன். "நம்ம சந்து மாதிரியே, வண்டி கொஞ்சம் பின்னாடி எடுத்ததும் நின்னுடற எடம் வேற எங்க இருக்குது?"

தலையைச் சொறிந்தான். "மலையடிவாரத்துல ஒண்ணு இருக்குதுங்க. புதுசா ஒரு டிரைவர் குடும்பம் குடி வந்திருக்குது. பறவை வளக்கறாங்களான்னு தெரியல."

அன்று போகவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மழை வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பறவையைத் துணிக்கூடையில் வைத்து, மேலே மெல்லிய துண்டைக் கட்டி எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சின்ன வீடு. வாசலில் கூண்டு ஒன்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்தது இளம் பெண். துண்டை விலக்கிக் கூடைக்குள் எட்டிப் பார்த்தவள் பறவையைக் கூப்பிடவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பறவைதான் அவளைக் கூப்பிட்டது, அந்தப் பாதி மெட்டில்.

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "நான் ஒத்தையில இருக்கறனேன்னு அவரு வாங்கியாந்து குடுத்ததுங்க. காணாமப் போனத அவர்கிட்ட இன்னும் சொல்லல. போன்ல கேக்கறப்பல்லாம் தூங்குதுன்னு சொல்லிட்டு இருக்கறேன்."

"எப்படிப் பறந்துச்சு சாமி?"

"வண்டி பின்னாடி எடுக்கற சத்தம் கேட்டுதுங்க. அவரு வந்துட்டாருன்னு கதவத் தொறந்துட்டு ஓடுனேன். தோள்ல இது உக்காந்திருந்த நெனப்பே இல்ல." கொஞ்ச நேரம் பறவையின் கொண்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "வேற வண்டிங்க" என்றாள்.

அவள் தலையில் கை வைத்தேன்.

கிளம்பும்போது கேட்டாள். "உங்க ஊட்டுக்காரரும் லைனுக்குப் போறவருங்களா?"

"ஆமா சாமி."

"இப்ப எந்தப் பக்கம் போயிருக்கறாருங்க?"

"தூரமா" என்றேன். டிரைவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பதில் போதும்.

காலிக் கூடையோடு திரும்பி வந்தேன். கதவைத் திறந்ததும் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கோழிக் கூடையைக் கழுவி ராசுவிடம் கொடுத்துவிட்டேன். மீதித் தினை டப்பாவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தாள். அவர் வந்திருக்கிறாராம், பறவை அவர் தோளை விட்டு இறங்கமாட்டேன் என்கிறதாம். அவள் பேசும்போது பின்னால் ஓர் ஆண் குரலும் சிரிப்பும் கேட்டன. அவள் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அடுத்த சந்தில் அந்த மெட்டு ஒலித்தது. யார் வண்டியோ. கை தானாக அரிசிப் பானைக்குள் போய் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிட்டது.

மெட்டை மாற்றட்டுமா என்று நீங்கள் கேட்டபோது வேண்டாம் என்றேனே, அதற்குக் காரணம் இதுதான். வேறு யாருக்கும் இல்லாத மெட்டாக இருந்தால், நீங்கள் வரும்போது மட்டும்தான் நீங்கள் வந்திருப்பீர்கள். இப்படி இருந்ததால், யார் வண்டி வந்தாலும், அந்தச் சத்தம் நிற்கிற வரைக்கும் வருவது நீங்கள்தான்.

போட்ட அரிசியைத் திரும்ப எடுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் களைந்தேன்.