எல்லையைத் தாண்டியது நான், மச்சான்

என் குமாரவேல் மச்சானுக்கு,

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் திரும்ப எழுந்திருக்கவே இல்லை. சாவுக்கு வந்தவர்களெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு, "மச்சானும் மாப்ளையும் ஒண்ணாவே கெடப்பீங்களேடா" என்று அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் உன்னிடம் கடைசிவரை சொல்லாத ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு அழுதேன்.

கோடியக்கரைக்குக் கிழக்கே அந்த விடியற்காலை. நமக்கும் இலங்கைக்கும் நடுவில் அங்கே வேலி கிடையாது, கல் கிடையாது. ஜிபிஎஸ் பெட்டியில் தெரிகிற ஒரு கோடுதான் நாட்டின் எல்லை. இரண்டு நாளாக வலையில் ஒன்றும் இல்லை. நீ தூங்கப் போகும்போது படகின் வீலை என்னிடம் கொடுத்துவிட்டு, "கோட்டுக்கு மூணு மைலு இருக்கச்சொல்லவே திருப்பிடு மாப்ள, அந்தாண்ட போவாத" என்று சொன்னாய். மற்ற மூன்று பேரும் அதற்கு முன்பே படுத்துவிட்டார்கள்.

பிடிபட்ட பிறகு உன்னிடம் என்ன சொன்னேன்? "கண்ணு அசந்துட்டேன் மச்சான்" என்றேன். பொய். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். கிழக்கே பறவைகள் கூட்டமாக விழுந்து எழுந்துகொண்டிருந்தன, தண்ணீருக்கு அடியில் மீன் திரண்டிருப்பது தெரிந்தது. ஒரே ஒரு இழுப்பு, உடனே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஜிபிஎஸ் கத்த ஆரம்பித்தது. நீ எழுந்துவிடுவாய் என்று அதன் சத்தத்தை நானே அணைத்தேன்.

இலங்கை ரோந்துக் கப்பல் தெரிந்ததும் ஓடிவந்த நீ, முதலில் அந்தப் பெட்டியைத்தான் கையில் எடுத்துப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். அப்போதே உனக்குத் தெரிந்துவிட்டதா மச்சான்? தெரிந்துதான் என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையா?

அவர்கள் படகில் ஏறுவதற்குள் என் காதருகே வந்து, "தங்கச்சி செல்விக்கு இது ஒம்போதாம் மாசம். டிரைவருக்குத்தான் தண்டன ஜாஸ்தி. நாந்தான் ஓட்டுனேன், நீ வாயத் தொறக்காத" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னதாலா? பயத்தாலா? நீ சொல்லாமல் இருந்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எங்கள் நான்கு பேரையும் ஒன்றரை மாதத்தில் விட்டார்கள். உனக்கு ஆறு மாதம். படகு அங்கேயே போய்விட்டது.

இதையும் நான் உனக்குச் சொன்னதில்லை. நீ உள்ளே இருந்தபோது உன் அப்பா படுத்த படுக்கையானார். பிறந்த பிள்ளையைக் காட்டப் போனேன். பிள்ளையைத் தடவிக்கொடுத்துவிட்டு என்னைக் கேட்டார்: "இருவது வருஷமா வீலு புடிக்கிறவன், அவனுக்குக் கோடு தெரியாதா? பேராசப் பட்டுட்டானா மாப்ள?"

அங்கே இருந்தது நானும் அவரும் மட்டும்தான். "நான் மாமா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "தூக்கத்துல தவறிட்டாப்ல இருக்கு" என்று முனகினேன். நாலாம் நாள் அவர் இறந்துபோனார். நீ வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

நீ திரும்பி வந்தாய். நம்ம முதுநகர் துறைமுகத்தில் உன்னை நம்பி ஒருவரும் படகு தரவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் வெட்டப் போனாய். கடலில் நின்ற ஆள், தினமும் காலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் வழியாகப் போய், சாயங்காலம் செதில் ஒட்டிய சட்டையோடு வந்து இறங்கினாய். எனக்கு மட்டும் வேறு படகு கிடைத்தது. வீல் பிடித்தேன். அப்போதும் பேசவில்லை.

போன மாதம் ஊர்க் கூட்டம் நடந்தது. எல்லைக்கு அருகே போனால் எச்சரிக்கிற புதுக் கருவியைப் படகுகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு படகு முதலாளி மைக்கைப் பிடித்து, "கத்துனதும் திருப்பிடுங்கப்பா, குமாரவேலு மாதிரி போயி மாட்டிக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த உன் மகள் ரம்யா பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். சிரித்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. "தாண்டுனது அவுரு இல்ல, நான். அவுரு தூங்கிட்டு இருந்தாரு. கத்துனத நான்தான் அமுக்குனேன்" என்றேன். மைக்கை வைத்திருந்தவர், "செத்தவனக் காப்பாத்த இப்டிச் சொல்றியா?" என்று கேட்டார். பார்த்தாயா, உண்மையை நம்பவைக்கக்கூட நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

என் படகு முதலாளி என்னை வீலிலிருந்து இறக்கிவிட்டார். இப்போது வலை இழுக்கப் போகிறேன். உன் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கூட்டம் நடந்த பதினோராம் நாள் ஒரே ஒரு முறை கேட்டாள்: "எங்கப்பாகிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" அதன் பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை.

ரம்யா சிதம்பரத்தில் நர்சிங் படிப்பதை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். இப்போது கடைசி வருஷம். விடுமுறை முடிந்து கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட நான் போனேன். வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன், சொல்லவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"அப்பா ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் ஒங்க மேல கோவப்பட்டாரா மாமா?"

"ஒரு நாளும் இல்லம்மா."

"நான் படுவேன். கொஞ்ச நாள் படுவேன். ஆனா அன்னிக்கி அப்பா இன்னா பேசுனாரு, எப்டி இருந்தாரு, எல்லாம் எனக்குத் தெரியணும். போன் பண்ணுவேன். நான் கேக்கும்போதெல்லாம் சொல்லணும். ஒங்களுக்கு நல்லதா இருக்குற மாதிரி மாத்திச் சொல்லக் கூடாது."

பஸ் கிளம்பிவிட்டது. நான் தலையை ஆட்டியதை அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கமாட்டேன். நீ மன்னித்துவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். உனக்கு ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அவள் எத்தனை முறை கேட்டாலும், எந்த வயதில் கேட்டாலும், ஒரு சொல் குறைக்காமல் சொல்வேன்.

உன் தங்கச்சி புருஷன்,
உன் மாப்ள,
சேகர்